டெய்சித் தொட்டிகளில் துரு நோய்: 84 நாள் பதிவு

என்னிடம் 40 தொட்டிகளில் டெய்சிச் செடிகள் இருந்தன. அவற்றில் 24 நாற்றாக வாங்கி நட்டவை. மீதி 16 விதை போட்டு நானே வளர்த்தவை. வாங்கிய நாற்றுகள் சிலவற்றின் அடியிலைகளில் வெளிறிய மஞ்சள் புள்ளிகள் தென்பட்டபோது, அதைச் சத்துக் குறைபாடு என்று முடிவு செய்துகொண்டு, திரவ உரத்தைக் கரைத்து, எல்லாத் தொட்டிகளுக்கும் மூன்று நாள் மாலையில் இலைகள் நனைய நனையத் தெளித்தேன். இலையின் அடிப்பக்கத்தை ஒரு முறையாவது திருப்பிப் பார்த்திருந்தால் அந்தத் தெளிப்பு நடந்திருக்காது. 13 நாள் கழித்துப் பார்த்தபோது 19 தொட்டிகளில் புள்ளிகள் இருந்தன. அதுவரை சுத்தமாக இருந்த விதைச் செடிகளிலும் நான்கு அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. அன்றுதான் இலையைத் திருப்பினேன். அந்த நாளையே இந்தப் பதிவின் முதல் நாளாகக் கொள்கிறேன்.

மேற்புறத்தில் மஞ்சள் புள்ளி இருந்த ஒவ்வோர் இடத்திலும், அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள் வட்டமாகக் கூடியிருந்தன. ஒவ்வொரு கிண்ணமும் குண்டூசித் தலையை விடச் சிறியது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தபோது, கிண்ணத்தின் விளிம்பு வெண்மையாக, கிழிந்த காகிதம் போல வெளிப்பக்கம் மடிந்திருந்ததும், உள்ளே ஆரஞ்சுத் தூள் நிரம்பியிருந்ததும் தெளிவாகத் தெரிந்தன. இலைக்காம்பில் கிண்ணங்கள் வந்த இடங்களில் காம்பே வீங்கி வளைந்திருந்தது. விரலால் தடவினால் தூள் ஒட்டிக்கொண்டது. சூரியகாந்திக் குடும்பச் செடிகளில் வெண்கொப்புள நோயும் ஏறத்தாழ இதே போன்ற மேடுகளை உண்டாக்கும். ஆனால் அந்தக் கொப்புளம் உடைந்தால் வரும் தூள் வெள்ளையாக இருக்கும். ஆரஞ்சுத் தூளும் கிழிந்த வெள்ளை விளிம்பும் சேர்ந்து இருந்தால் அது பூஞ்சையால் வரும் துரு நோய்தான்.

எவ்வகைத் துரு என்பதை அறிய அன்று மாலையே நுண்ணோக்கியை எடுத்தேன். நோயுற்ற இலைத்துண்டை இரண்டு கேரட் துண்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, புதிய சவரத் தகட்டால் மெல்லிய சீவல்களாக வெட்டி, அவற்றில் மிக மெல்லியதைத் தண்ணீர்த் துளியில் வைத்துப் பார்த்தேன். பத்துச் சீவலில் ஒன்றுதான் உருப்படியாக அமையும்; அந்த ஒன்றுக்காக மற்ற ஒன்பதையும் வெட்டலாம். கிண்ணத்தின் அடியிலிருந்து, பூஞ்சை பரவப் பயன்படும் நுண்ணிய வித்துகள் சங்கிலி சங்கிலியாக மேல்நோக்கி வளர்ந்திருந்தன. அடியில் இருந்தவை நெருக்கத்தால் பலகோண வடிவிலும், வாயருகில் இருந்தவை தளர்ந்து உருண்டும் காணப்பட்டன. அளவுகோல் பொருத்திய கண்ணாடியில் 40 வித்துகளை அளந்தேன். பெரும்பாலானவை 12 முதல் 15 மைக்ரோமீட்டர் வரை இருந்தன. ஏசியோஸ்போர் எனப்படும் வித்துகள் இவைதாம்.

தாவரவியல் படித்த எவருக்கும் கோதுமைத் தண்டுத் துருவின் வாழ்க்கைச் சுழற்சி நினைவில் இருக்கும். ஐந்து வகை வித்துகள், இரண்டு விருந்தோம்பிகள் (பூஞ்சை தங்கி வாழும் செடிகள்), கோதுமைக்கும் பார்பெரிச் செடிக்கும் இடையிலான மாறிமாறிப் பயணம் என்று மனப்பாடம் செய்த பகுதி அது. ஜெர்மன் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1865-இல் சோதனை செய்து நிறுவிய உண்மை. அந்தச் சுழற்சியில் பார்பெரி இலையின் கிண்ணங்களில் பிறக்கும் ஏசியோஸ்போரால் மீண்டும் பார்பெரியைத் தாக்க முடியாது. அது கோதுமைக்குத்தான் போயாக வேண்டும். கோதுமை வயலில் செடிக்குச் செடி பரவி நோயைக் கொள்ளைநோயாக்குவது யூரிடோஸ்போர் என்னும் வேறொரு வித்து. டெய்சிக் குடும்பத்துத் துருவான புக்சீனியா லேகனோபோரே இந்த நீண்ட பாதையைச் சுருக்கிக்கொண்டது. இதற்கு இரண்டாவது விருந்தோம்பி தேவையில்லை, யூரிடோஸ்போரும் இல்லை. யூரிடோஸ்போர் செய்ய வேண்டிய வேலையை ஏசியோஸ்போரே செய்கிறது. அதாவது கிண்ணத்திலிருந்து வெளிவந்த வித்து பக்கத்து டெய்சியின் இலையிலேயே விழுந்து, முளைத்து, அடுத்த கிண்ணத்தை உண்டாக்கிவிடும். பாடத்தில் படித்ததை நம்பி, “ஏசியோஸ்போர் இதே செடியை மீண்டும் தாக்காது, எங்கோ இருக்கும் இன்னொரு செடியைத் தேடிப் பிடுங்கினால் போதும்” என்று யாரேனும் எண்ணினால், அவர் தேடி முடிப்பதற்குள் தொட்டிகள் அனைத்தும் ஆரஞ்சாகிவிடும்.

இந்தப் பூஞ்சைக்கு 1884-இல் பெயர் சூட்டியவர் ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் மோர்டெகாய் கியூபிட் குக். ஆஸ்திரேலியாவில் லேகனோபோரா என்னும் சிறு டெய்சி இனச் செடியில் அது கண்டெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. ஐரோப்பாவில் 1960-இல் பிரான்சிலும், அடுத்த ஆண்டே பிரிட்டனிலும் கிரவுண்ட்செல் என்னும் களைச்செடியில் இது காணப்பட்டது. பிறகு கண்டம் முழுவதும் பரவியது. காலெண்டுலா, சினரேரியா, டெய்சி எனத் தோட்டச் செடிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. டெய்சியில் வருவதைப் புக்சீனியா டிஸ்டிங்க்டா என்று தனி இனமாகப் பிரிப்போரும் உண்டு. லேகனோபோரேயுடன் சேர்த்தே பார்ப்போரும் உண்டு. பெயர்த் தகராறு தோட்டக்காரருக்கு எதற்கு என்று முதலில் எண்ணினேன். அது தொட்டிக்கு அருகிலேயே வந்து நிற்கும் கேள்வி என்பது சில நாள்களில் புரிந்தது. ஏனென்றால் தொட்டிகள் இருந்த மேடைக்குக் கீழே, கல் இடுக்குகளில், கிரவுண்ட்செல் செடிகள் முளைத்திருந்தன. அவற்றின் தண்டுகளிலும் அதே ஆரஞ்சுக் கிண்ணங்கள் இருந்தன.

களைதான் காரணம் என்று அந்தக் கணமே முடிவு கட்டிவிட்டேன். முன்பு சத்துக் குறைபாடு என்று முடிவு கட்டியதும் இதே அவசரத்தில்தான் என்பது நினைவுக்கு வந்ததால், சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நிறுத்திக்கொண்டேன்.

2-ஆம் நாளும் 3-ஆம் நாளும் இலை கிள்ளுவதிலேயே கழிந்தன. முதல் நாள் எண்ணியபோது மொத்தம் 212 கிண்ணக் கூட்டங்கள் இருந்தன. கிண்ணம் இருந்த இலைகள் அனைத்தையும் காம்போடு வெட்டி, வெட்டிய கையோடு நெகிழிப் பையில் போட்டு வாயைக் கட்டினேன்; இலையை உதறினாலோ, திறந்த கூடையில் சேர்த்தாலோ தூள் பறந்து பரவும். இரண்டு தொட்டிகளை மட்டும் வெட்டாமல், சோதனைக்கு வித்து எடுப்பதற்காக, மூடிய தனியறைக்கு மாற்றினேன். மீதி 38 தொட்டிகளுக்கு நான் செய்தவை எளியவை. தொட்டிகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விட்டேன். இலைமேல் தண்ணீர் ஊற்றுவதை முற்றிலும் நிறுத்தி, காலையில் அடித்தட்டில் தண்ணீர் விட்டு, வேர் வழியே உறிஞ்சச் செய்து, அரைமணி நேரத்தில் மீதியைக் கொட்டினேன். மழையும் பனியும் இலையில் படாதபடி மேலே ஒளி புகும் தகடு அமைத்து, பக்கங்களைக் காற்றுக்காகத் திறந்து விட்டேன். கந்தகத் தெளிப்பு பற்றி யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். கந்தகம் இலைப்பரப்பில் இருக்கும் வித்து முளைப்பதைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே இலைக்குள் புகுந்துவிட்ட பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தவிர, அதைத் தெளிக்க இலையை நனைத்தாக வேண்டும். இலை உலர்ந்திருப்பதால் மட்டும் என்ன பயன் கிடைக்கிறது என்பதைக் கலப்பின்றிப் பார்க்கவும் விரும்பினேன்.

8-ஆம் நாள் மீண்டும் எண்ணினேன். கிண்ணம் இருந்த இலை ஒன்றுகூட விடாமல் வெட்டியிருந்த அதே செடிகளில் புதிதாக 131 கூட்டங்கள். மனம் சோர்ந்துபோனது என்பதை மறைக்க விரும்பவில்லை. செய்த எதுவும் பலிக்கவில்லை, செடிகளை அழித்துவிட்டு வேறு ஏதாவது வளர்க்கலாம் என்ற எண்ணம் அன்றிரவு முழுவதும் இருந்தது. மறுநாள் காலை நாள்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு நாள்களைப் பின்னோக்கி எண்ணியபோதுதான் விஷயம் தெளிந்தது. வித்து இலையில் விழுந்து, முளைக்குழல் இலைத்துளை வழியே உள்ளே புகுந்து, செல்களுக்கு இடையே பரவி, உறிஞ்சு உறுப்புகளைச் செல்களுக்குள் செலுத்தி, உணவெடுத்து வளர்ந்து, புறத்தோலைக் கிழித்துக்கொண்டு கிண்ணமாக வெளிப்படும் வரை ஏறத்தாழ 12 நாள் ஆகிறது. குளிர் கூடினால் இன்னும் தள்ளிப்போகும். அந்த நாள்கள் முழுவதும் இலை பார்வைக்கு நலமாகவே இருக்கும். 8-ஆம் நாள் நான் எண்ணிய கிண்ணங்கள், நான் எதையும் செய்யத் தொடங்குவதற்கு முன்பே உள்ளே புகுந்தவை. இன்று தெரியும் கிண்ணம் 12 நாளுக்கு முந்தைய இரவைப் பற்றித்தான் சொல்கிறது. என் உரத் தெளிப்புக்கும் முதல் நாள் கண்ட 19 தொட்டிகளுக்கும் இடையே 13 நாள் இருந்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கியது.

அதன் பிறகு எண்ணிக்கைப் புத்தகத்தில் இரண்டு பத்திகள் வரைந்தேன்: கிண்ணம் தெரிந்த நாள் ஒன்று, அதிலிருந்து 12 கழித்த நாள் ஒன்று. செய்த வேலையின் பலனை இரண்டாம் பத்தியை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். இதை மட்டும் முன்பே அறிந்திருந்தால் அந்த ஓர் இரவு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இதற்கிடையே களையைப் பற்றிய சோதனையைத் தொடங்கினேன். முதலில் வித்துகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் அகார் என்னும் கடற்பாசிக் கூழைப் படலமாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிய தூரிகையால் தூளைத் தூவி, ஈரக் காகிதம் விரித்த மூடிய தட்டில் இருட்டில் வைத்தேன். ஆறு மணி நேரத்தில் பல வித்துகளிலிருந்து முளைக்குழல் நீண்டிருந்தது. தூள் கெட்டியாக விழுந்த இடங்களில் முளைத்தவை குறைவாகவும், தனித்தனியாகச் சிதறி விழுந்த இடங்களில் மிகுதியாகவும் இருந்தன. கோதுமை, பீன்ஸ் துருக்களின் யூரிடோஸ்போர்கள் நெருங்கிக் கிடக்கும்போது முளைப்பதைத் தாமே தடுக்கும் வேதிப்பொருளைச் சுரப்பது நிறுவப்பட்ட செய்தி. இங்கும் அது போன்றதொன்று இருக்கலாம் என்று எண்ணி, தூளை வாரிப் பூசாமல் மெலிதாகத் தூவுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

வித்து எடுப்பதற்கு ஒரு நல்ல வழி தற்செயலாகக் கிடைத்தது. நோயுற்ற இலையைக் கிண்ணங்கள் மேல்நோக்கி இருக்கும்படி ஈரப்பெட்டியில் வைத்து, அதற்கு மேலே மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் கண்ணாடித் தகட்டைத் தாங்கி வைத்திருந்தேன். தூசி விழாமல் இருப்பதற்காகத்தான் அப்படி வைத்தேன். காலையில் தகட்டின் அடிப்புறத்தில், கிண்ணங்கள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசையில் ஆரஞ்சுப் புள்ளிகள் படிந்திருந்தன. ஈரம் ஏறியதும் நெருக்கிப் பிடித்திருந்த பலகோண வித்துகள் உப்பித் திடீரென உருண்டை வடிவம் கொள்கின்றன. அந்த உந்துதலில் மேலே இருப்பவை எகிறிப் பறக்கின்றன. காற்று வந்து கொண்டுபோகட்டும் என்று இந்தப் பூஞ்சை காத்திருப்பதில்லை. ஈரம் வந்ததும், அதாவது முளைப்பதற்கு ஏற்ற நேரம் வந்ததும், தானே எறிந்துவிடுகிறது. அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இப்படிச் சேகரித்த வித்தில் இலைத் தூசியோ மற்றப் பூஞ்சைகளோ குறைவாகவே கலந்திருக்கும் என்பதால் பிறகு நடந்த சோதனைகளுக்கெல்லாம் இந்த முறையையே கையாண்டேன்.

6-ஆம் நாள் செய்த முதல் சோதனை முழுத் தோல்வி. விதையிலிருந்து தனியாக வளர்த்த டெய்சி நாற்றுகளிலும் கிரவுண்ட்செல் நாற்றுகளிலும் வித்தைத் தூவி, நீர் தெளித்து, மூடிய பெட்டிகளில் வைத்து, பெட்டிகளைச் சன்னலோரம் விட்டுவிட்டேன். மறுநாள் நண்பகலில் பெட்டிக்குள் வெப்பமானி 34 டிகிரி காட்டியது. இரண்டு வாரம் காத்திருந்தும் எந்த நாற்றிலும் எதுவும் வரவில்லை. டெய்சியிலிருந்து எடுத்து டெய்சிக்கே இட்ட வித்துகூடப் பலிக்கவில்லை. குளிர்ந்த ஈரத்தை விரும்பும் பூஞ்சையை அந்தச் சூட்டில் வைத்துவிட்டு வரவில்லையே என்று கேட்பதில் பொருளில்லை. எனினும் டெய்சியிலிருந்து டெய்சிக்கு என்ற குழுவைச் சேர்த்திருந்ததால்தான் பிழை சோதனையில் இருக்கிறது என்பது தெரிந்தது. அந்தக் குழு இல்லாமல், களையிலிருந்து டெய்சிக்கு மட்டும் செய்து பார்த்திருந்தால், தவறான முடிவை நம்பியிருப்பேன்.

20-ஆம் நாள் இரண்டாம் சுற்று. ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஆறு நாற்றுகள். டெய்சி வித்தை டெய்சிக்கும், அதே வித்தைக் கிரவுண்ட்செல்லுக்கும், கிரவுண்ட்செல் வித்தைக் கிரவுண்ட்செல்லுக்கும், அதே வித்தை டெய்சிக்கும் இட்டேன். ஐந்தாம் குழுவில் இருந்த மூன்று டெய்சிக்கும் மூன்று கிரவுண்ட்செல்லுக்கும் வெறும் தண்ணீர் மட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் தனித் தூரிகை, தனிப் பெட்டி. இம்முறை 15 முதல் 17 டிகிரி வரை இருந்த இருட்டறையில் ஒரு நாள் முழுதும் வைத்து, பிறகு வெளியே எடுத்து, இலைகளை உலரவிட்டு, வெளிச்சத்தில் வளர்த்தேன். எட்டாம் நாளில் இலைகளில் வெளிறிய புள்ளிகள் தோன்றின. 12-ஆம் நாள், அதாவது பதிவின் 32-ஆம் நாள், கிண்ணங்கள் திறந்தன. டெய்சியிலிருந்து டெய்சிக்கு ஆறில் ஐந்து. கிரவுண்ட்செல்லிலிருந்து கிரவுண்ட்செல்லுக்கு ஆறுக்கு ஆறு. குறுக்கே மாற்றி இட்ட இரண்டு குழுக்களிலும் ஒன்றுகூட இல்லை. தண்ணீர்க் குழுவிலும் இல்லை.

கைலென்ஸில் பார்த்தால் இரண்டு துருக்களும் ஒன்றே. நுண்ணோக்கியிலும் என்னால் வேறுபாடு காண முடியவில்லை. ஆனால் செடிகள் வேறுபாடு காட்டின. ஆறு நாற்று என்பது சிறு எண்ணிக்கைதான். இதை வைத்துப் பெயர்த் தகராறைத் தீர்க்க நான் முன்வரவில்லை. என் மேடையில் களையின் துரு டெய்சிக்கு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். அப்படியானால் எங்கிருந்து வந்தது? முதல் நாள் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். நோய் கண்ட 19 தொட்டிகளில் 15 வாங்கிய நாற்றுகள். விதைச் செடிகளில் நோய் வந்த நான்கும் அந்த நாற்றுகளுக்கு அடுத்த வரிசையில் இருந்தவை. உரத் தெளிப்புக்கு முன்பே புள்ளி இருந்தவை வாங்கிய நாற்றுகள் மட்டுமே. வாங்கிய அன்று அவற்றின் இலைகள் பளபளப்பாக இருந்தன என்பது உண்மை. உள்ளே புகுந்து 12 நாள் நிறைவடையாத பூஞ்சை அந்தப் பளபளப்பைக் கெடுப்பதில்லை. விற்றவரும் அதை அறிந்திருக்க வழியில்லை.

38 தொட்டிகளின் வாராந்திர எண்ணிக்கை இப்படிச் சென்றது. 8-ஆம் நாள் 131 என்று முன்பே சொன்னேன். 15-ஆம் நாள் 64. 22-ஆம் நாள் 17. 29-ஆம் நாள் 9. 36-ஆம் நாள் 3. 43-ஆம் நாள் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணிய கையோடு அந்த இலைகளை வெட்டி அகற்றினேன். எண்ணிக்கை விழுந்த விகிதத்தைப் பார்த்தால், 15-ஆம் நாளுக்குப் பிறகுதான் செங்குத்தாக இறங்கியிருக்கிறது. உலர்ந்த இலையின் பலன் வெளியே தெரிய அத்தனை நாள் ஆனது.

50-ஆம் நாள் மீண்டும் ஆறு கூட்டங்கள் வந்தன. ஆறும் மேடையின் ஒரே மூலையில், மூன்று தொட்டிகளில். பழைய வழக்கப்படி இருந்திருந்தால் அன்று காலை என்ன செய்தேன், முந்தைய நாள் என்ன தவறு நடந்தது என்று தேடியிருப்பேன். புத்தகத்தில் 12 கழித்தேன்: 38-ஆம் நாள். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது, “இரவு காற்றில் மேல்தகடு மூலையில் விலகியிருந்தது, காலையில் சரிசெய்தேன், மூன்று தொட்டிகள் நனைந்திருந்தன” என்று. அப்போதும் எங்கோ கண்ணுக்குத் தப்பிய ஒரு கிண்ணம் அடியிலைகளில் இருந்திருக்க வேண்டும். ஓர் இரவு ஈரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. தகட்டைத் திருகாணியால் இறுக்கினேன். 57-ஆம் நாள் இரண்டு கூட்டங்கள் தாமதமாக வெளிவந்தன. 64-ஆம் நாளிலிருந்து எதுவும் இல்லை.

ஓர் இரவு என்றால் எத்தனை மணி நேரம் என்பதையும் அறிய விரும்பினேன். 36-ஆம் நாள், டெய்சி நாற்றுகளில் ஒரே அளவாக வித்தைத் தூவி, நனைத்து, இருட்டறைப் பெட்டியில் வைத்தேன். ஐந்து நாற்றுகளை 2 மணி நேரத்திலும், ஐந்தை 4 மணியிலும், ஐந்தை 8 மணியிலும், ஐந்தை 16 மணியிலும் வெளியே எடுத்து, சிறு விசிறிக் காற்றில் உலர்த்தினேன். 48-ஆம் நாள் பார்த்தபோது 2 மணிக் குழுவில் ஒன்றும் இல்லை. 4 மணிக் குழுவில் ஒரே நாற்று. 8 மணிக் குழுவில் நான்கு. 16 மணிக் குழுவில் ஐந்தும். மாலையில் தண்ணீர் தெளித்தால் இலை விடியும்வரை ஈரமாக இருக்கும். காலையில் தெளித்தால் வெயில் ஏறுவதற்குள் உலர்ந்துவிடும். காலையில் நீர் ஊற்று என்று எல்லாரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்துக்குள் இப்படி ஒரு கணக்கு இருப்பதை இந்த 20 நாற்றுகள்தாம் எனக்குக் காட்டின.

தனியறையில் வைத்திருந்த இரண்டு தொட்டிகள் வேறு சிலவற்றையும் கற்றுத் தந்தன. வெயில் கடுமையாக இருந்த நாள்களில் அவை, அதே அளவு தண்ணீர் பெற்ற நலமான செடிகளை விட முன்னதாகவே வாடின. கிண்ணங்கள் புறத்தோலைக் கிழித்துத் திறக்கும் ஒவ்வோர் இடமும் நீர் வெளியேறும் வாயிலாகிவிடுகிறது. இலைத்துளையை மூடி நீரைச் சேமிக்கும் வழி செடிக்கு அங்கே இல்லை. பிரிட்டனில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நைஜல் பாலும் பீட்டர் அயர்ஸும் 1980-களில் கிரவுண்ட்செல்லில் இதையே விரிவாக ஆராய்ந்தார்கள்; துருப் பிடித்த செடிகள் வறட்சியில் கூடுதலாகப் பாதிக்கப்படுவதையும், குளிர்காலத்தைக் கடப்பது அவற்றுக்குக் கடினமாவதையும் அவர்கள் காட்டினார்கள். ஆகவே நோயுற்ற செடியைக் காப்பாற்ற நினைப்பவர், ஈரத்துக்குப் பயந்து வேருக்கும் தண்ணீரைக் குறைத்துவிடக் கூடாது. இலை உலர வேண்டும். மண் உலரக் கூடாது. நானும் முதல் வாரத்தில் இந்தப் பிழையைச் செய்து, இரண்டு செடிகளை இழந்தேன். அவை துருவால் சாகவில்லை, தண்ணீரின்றிச் செத்தன. அவற்றின் இடத்தில் வேறு செடி வைக்காமல், எண்ணிக்கையில் அந்தத் தொட்டிகளை வெறுமையாகவே குறித்துவந்தேன்.

26-ஆம் நாள் அந்தத் தனியறைச் செடியின் கிண்ணம் ஒன்றில் ஏதோ அசைவதைக் கைலென்ஸில் கண்டேன். ஆரஞ்சு நிறத்தில், இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான புழு ஒன்று கிண்ணத்துக்குள் தலையை விட்டு வித்துகளைத் தின்றுகொண்டிருந்தது. மைகோடிப்ளோசிஸ் என்னும் சிற்றீக்களின் புழுக்கள் துருப் பூஞ்சைகளின் வித்துகளையே உணவாகக் கொள்பவை. தின்றது வயிற்றில் தெரிவதால் அவையும் ஆரஞ்சாக இருக்கின்றன. அதை நகர்த்த மனம் வரவில்லை. மூன்று நாளில் அந்த இலையில் இருந்த கிண்ணங்கள் பலவும் காலியாகியிருந்தன. இது நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லத் துணியமாட்டேன். உண்ணப்படும் வேகத்தை விட வித்து உண்டாகும் வேகம் அதிகம். ஆனால் பூச்சி என்றதும் நசுக்கப் போகும் கையை நிறுத்த வேண்டிய இடம் இது.

அதே தொட்டிகளில் 60-ஆம் நாளுக்குப் பிறகு, கிண்ணக் கூட்டங்களின் ஓரத்தில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றின. சுரண்டிப் பார்த்தபோது தடித்த சுவரும் இரண்டு அறைகளும் கொண்ட டீலியோஸ்போர்கள், அதாவது துருப் பூஞ்சைகளின் ஓய்வு வித்துகள், இருந்தன. இடையிடையே ஓர் அறை மட்டும் கொண்டவையும் கலந்திருந்தன. இப்படிக் கலந்திருப்பது லேகனோபோரே துருவில் காணப்படுவதுதான். எனினும் பருவத்திலிருந்து பருவத்துக்கு இந்த நோயைக் கடத்துவதில் உயிருள்ள இலைக்குள் தங்கும் பூஞ்சை இழைக்குப் பெரும் பங்குண்டு. செத்த இலையில் துருப் பூஞ்சையால் வளர முடியாது. அதனால் குளிர்காலத்தில் பச்சையாக நிற்கும் அடியிலைகளை வெட்டி அகற்றுவதுதான், மண்ணைத் தோண்டி மாற்றுவதை விடப் பயனுள்ள உழைப்பு என்று கருதுகிறேன். குறிப்பெடுத்து முடித்ததும் அந்த இரண்டு செடிகளையும் வேரோடு பையில் கட்டி அழித்தேன்.

கிரவுண்ட்செல்லையும் கடைசியில் பிடுங்கிவிட்டேன். என் டெய்சிக்கு அது குற்றவாளி இல்லை என்றாலும், காலெண்டுலா, சினரேரியா போன்றவற்றை அருகில் வளர்க்க நினைத்தால் அந்தத் துரு அவற்றைத் தாக்குமா என்பதை நான் சோதிக்கவில்லை.

84-ஆம் நாள், மீதமிருந்த 36 செடிகளின் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்தேன். அதற்கு ஒரு முற்பகல் முழுதும் ஆனது. கிண்ணம் எதுவும் இல்லை. 64-ஆம் நாளிலிருந்து எண்ணினால் 20 நாள் கடந்திருக்கிறது. 12 நாள் கணக்கில் ஒரு சுற்று முழுதாக முடிந்து, இரண்டாம் சுற்றில் எட்டு நாள் ஆகிறது. 88-ஆம் நாள் இரண்டாம் சுற்றும் நிறைவடையும். அதுவரை மேல்தகட்டை எடுக்கப்போவதில்லை. காலியான இடங்களுக்காக வாங்கிய நான்கு புதிய நாற்றுகள், மற்றவற்றிலிருந்து விலகி, தனியறைச் சன்னலோரத்தில் இருக்கின்றன. இன்று அவற்றுக்கு ஒன்பதாம் நாள். இலைகள் பளபளப்பாகவே உள்ளன. 24 நாள் முடியும்வரை அவை அங்கேயே இருக்கும்.